வாட்ச் சொல்லும் கலோரியை நம்பிக் காராச்சேவு சாப்பிடலாமா?

ஆடி மாதக் கடைசி வெள்ளி. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு, சுமார் 8 கிலோமீட்டர், கூட்டத்தோடு கூட்டமாக நடந்தே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் மகன் வாங்கிக் கொடுத்த புது ஸ்மார்ட் வாட்ச். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுகிற இடம் வந்ததும் வாட்ச்சைத் தட்டிப் பார்க்கிறீர்கள். '700 கலோரி செலவு' என்கிறது. அட, பரவாயில்லையே! திரும்பும்போது சாத்தூர் காராச்சேவு கால் கிலோ வாங்கிக் கொறித்தால் என்ன தப்பு?

தப்பு அந்த 700-லேயே இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா?

உண்மைக் கணக்கு

உங்கள் எடை 60 கிலோ. 8 கிலோமீட்டரை நிதானமாக 2 மணி நேரத்தில் நடக்கிறீர்கள். செலவாவது ஏறக்குறைய 360 கலோரி. இதில் 120 கலோரி, வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும். ஆக, நடந்ததால் கிடைத்த லாபம் 240 கலோரிதான். வெறும் 50 கிராம் காராச்சேவு அதைச் சரிக்கட்டிவிடும். கால் கிலோ என்றால்... நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்!

வாட்ச் எப்படிக் கணக்குப் பண்ணுகிறது?

வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. ஊகிக்கிறது, அவ்வளவுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் முகமூடி மாட்டி, எவ்வளவு பிராணவாயு உள்ளே போகிறது, எவ்வளவு கரியமிலவாயு வெளியே வருகிறது என்று பார்த்துத்தான் கலோரிச் செலவைக் கண்டுபிடிப்பார்கள். வாட்ச்சுக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று, மணிக்கட்டு எப்படி அசைகிறது என்பது. இன்னொன்று, தோலின் மேல் பச்சை விளக்கு அடித்துப் பார்க்கும் நாடித்துடிப்பு. இவற்றோடு நீங்கள் கொடுத்த வயது, உயரம், எடையைச் சேர்த்து ஒரு சூத்திரத்தில் போட்டு விடை சொல்கிறது.

இதில் எங்கெல்லாம் இடிக்கிறது பாருங்கள். இரண்டு கைகளாலும் அக்கினிச்சட்டியைப் பிடித்து நடக்கிறவருக்குக் கை வீச்சு கிடையாது. பாதி நடை கணக்கில் வராமலே போகலாம். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை; ஆனால் கை ஓயாமல் ஆடுகிறது. அதையும் நடையோடு சேர்த்துவிடுகிற வாட்ச்கள் உண்டு. நம்ம ஊர் வெயிலில் நின்றாலே நாடி வேகமாகத் துடிக்கும். காய்ச்சல், பயம், காபி எல்லாமே துடிப்பை ஏற்றும். கொழுப்பு அதனால் கரைந்துவிடாது. வார் தளர்ந்திருந்தாலும், மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தாலும் கணக்கு பிசகும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 7 வகைக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். நாடித்துடிப்பில் 6 கருவிகள் ஓரளவு சரி. பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, எல்லாவற்றிலும் நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்! அதாவது உங்களுடைய 360, வாட்ச்சில் 260 ஆகவும் தெரியலாம். 700-ஐத் தொடவும் செய்யலாம்.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியம். எடை கூடிய 471 இளைஞர்களுக்கு 2 வருடம் உணவு, உடற்பயிற்சி ஆலோசனை தந்தார்கள். கருவி கட்டாதவர்கள் சராசரியாக 5.9 கிலோ குறைந்தார்கள். கட்டியவர்கள் 3.5 கிலோதான்! கருவியைக் கட்டிக்கொண்டால் மட்டும் எடை இறங்கிவிடாது என்பது புரிகிறதா?

அப்படியானால் வாட்ச்சைக் கழற்றி வீசிவிடலாமா?

வேண்டாம், வேண்டாம்! சரியாகப் பயன்படுத்துங்கள்.

1. கலோரிக் கணக்கைப் பார்க்காதீர்கள். எத்தனை அடி, எத்தனை நிமிடம் நடந்தீர்கள் என்று பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிடாமல், உங்களுடைய போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். அதே வாட்ச், அதே கை.

2. 'செலவாகிவிட்டதே' என்று கூடுதலாகச் சாப்பிடாதீர்கள். தினம் 100 கலோரி மிஞ்சினால்கூட, இரண்டரை மாதத்தில் ஏட்டுக்கணக்குப்படி 1 கிலோ ஏறிவிடும்.

3. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். இடுப்பை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. மூன்று வாரம் எடை அசையவில்லையா? சோற்றில் ஒரு கைப்பிடி, தாளிப்பில் ஒரு ஸ்பூன் எண்ணெய், சாயங்கால நொறுக்குத்தீனி... இதில் ஏதாவது ஒன்றைக் குறையுங்கள்.

4. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வாட்ச் சொன்னதற்காகச் சாப்பாட்டைக் குறைக்கவே கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். உங்கள் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். அதேபோல, நெஞ்சு வலித்தால் 'வாட்ச்சில் துடிப்பு சரியாத்தானே இருக்கு' என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த ஆடியிலும் இருக்கன்குடிக்கு நடந்தே போங்கள். நடை உடம்புக்கு நல்லது. அதில் சந்தேகமே இல்லை. காராச்சேவும் வாங்குங்கள். ஆனால் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்துப் பேருக்குப் பங்கு வையுங்கள்!