வீடு திரும்பும் பயணம்: கட்டுரை எழுதும் முறை

(க.பொ.த. சாதாரண தரம் – தமிழ்மொழி – கட்டுரைப் பயிற்சி)



"விடுமுறையின் கடைசி நாள்", "நான் மேற்கொண்ட ஒரு பயணம்", "வீடு திரும்பினேன்" போன்ற தலைப்புகள் உங்களுக்குப் புதியனவல்ல. இவை எளிய தலைப்புகள் என்று எண்ணிப் பலரும் தெரிவுசெய்வர். ஆயினும் எல்லோரும் ஒரே கட்டுரையையே எழுதிவிடுகின்றனர். அதிகாலையில் சேவல் கூவும்; சூரியன் உதிக்கும்; புகையிரதம் பாம்புபோல் வளைந்து செல்லும்; இறுதியில் "இப்பயணம் என் வாழ்வில் மறக்க முடியாதது" என்று முடியும். இத்தகைய கட்டுரையில் எழுதியவரைக் காண முடியாது. ஹட்டனில் இருப்பவரும் மட்டக்களப்பில் இருப்பவரும் அதை ஒரே மாதிரி எழுதலாம்.

உங்கள் கட்டுரை உங்களுடையதாக அமைய, எழுதத் தொடங்குமுன் ஒரு வினாவுக்கு விடை காணுங்கள். இப்பயணத்தில் "வீடு" என்பது எது? அங்கே யார் இருக்கிறார்? யாரைப் பிரிந்து அங்கே செல்கிறோம்? இவ்வினாவின் விடையே கட்டுரையின் உயிர்.

1. பின்னணி அறிவோம்

"வீடு திரும்புதல்" என்னும் தொடர் மலையகத்தில் எக்காலத்திலும் ஒரே பொருளைத் தரவில்லை. பின்வரும் தகவல்களை மனங்கொள்க.

(அ) 1820களிலிருந்து கோப்பித் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியாக மாத்தளைவரை நடந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் பலர் இறந்தனர். சில காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்புவதே பலரின் எண்ணமாக இருந்தது. அன்று "வீடு" கடலுக்கு அப்பால் இருந்தது. இவ்வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் இடம்பெற்றது.

(ஆ) கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலை வந்தது. புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. தோட்டங்களில் பல தலைமுறைகள் பிறந்து வளர்ந்தன. அவர்களுக்கு வீடு என்பது லயமும் மலையுமே.

(இ) 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் இம்மக்களில் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்க இணங்கின. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பிரித்துக்கொள்ள 1974இல் உடன்பட்டன. குடும்பங்கள் மலையகத்திலிருந்து புகையிரதமேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேஸ்வரம் சென்றன. அவர்களைத் "தாயகம் திரும்பியோர்" என்று அழைத்தனர். அவர்களுள் பலர் இந்தியாவை அதற்குமுன் கண்டதே இல்லை. பிறந்த வீட்டைப் பிரிந்து போனவர்களுக்குத் "திரும்பியோர்" என்று பெயர்! ஒரு சொல்லைப் பொருளறிந்து பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

(ஈ) இலங்கையில் தங்கியோரில் நாடற்றவராக எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்க 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

(உ) இன்று தோட்டப் பிள்ளைகள் பலரின் தந்தையோ தாயோ அண்ணனோ அக்காவோ கொழும்பில் வேலை செய்கின்றனர். தீபாவளி முடிந்த மறுநாட்களில் ஹட்டன் நிலையங்களில் நின்றால், யார் வீட்டுக்கு வருகிறார், யார் வீட்டைப் பிரிகிறார் என்பது பைகளைப் பார்த்தாலே விளங்கும்.

2. கட்டுரைச் சட்டகம்

முன்னுரை: நாள், இடம், புறப்படும் சூழல். இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும்.
உடல்: (1) பிரியும் நேரம் (2) வழியில் மாறும் காட்சிகள் (3) ஊரை நெருங்கும்போது தோன்றும் உணர்வு (4) வீட்டில் நடந்தது.
முடிவுரை: பயணம் உங்களுக்கு உணர்த்திய ஒன்று. அறிவுரை வேண்டாம்.

3. மாதிரிக் கட்டுரை

விடுமுறையின் கடைசி நாள்

விடுமுறையின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. அதிகாலை நான்கு மணிக்கே அப்பா எங்களை எழுப்பினார். அவர் கொழும்பில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் வேலை செய்கிறார். கடையின் மேல்மாடியில் உள்ள சிறிய அறைதான் அவருடைய இருப்பிடம். நானும் தம்பியும் பத்து நாட்கள் அந்த அறையில் தங்கியிருந்தோம்.

அப்பாயிக்கு ஒரு சுவெட்டர், அம்மாவுக்கு ஒரு சேலை, தம்பிக்குச் சப்பாத்து, எனக்குக் கடந்தகால வினாத்தாள் தொகுப்பு. எல்லாவற்றையும் அப்பாவே பையில் அடுக்கினார். பின்பு வெளியே எடுத்து மீண்டும் அடுக்கினார். புறப்படும் நேரத்தைத் தள்ளிப்போடவே அவ்வாறு செய்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

புறக்கோட்டையில் ஹட்டன் பஸ் நின்றது. அப்பா நடத்துநரிடம் எங்களைக் காட்டி இரண்டு முறை சொல்லிவைத்தார். யன்னலருகே வந்து, "போய்ச் சேர்ந்ததும் கோல் எடு புள்ள" என்றார். பஸ் நகர்ந்தது. நிலையத்தின் வாசல்வரை அவரும் பக்கத்திலேயே நடந்து வந்தார்.

அவிசாவளையைத் தாண்டியதும் இறப்பர் மரங்கள் தொடங்கின. மரத்துக்கொரு சிரட்டை கட்டியிருந்தது. யட்டியாந்தோட்டை கடந்து கித்துல்கலயை நெருங்கியபோது களனி கங்கை வீதியோடு கூடவே வந்தது. தம்பி என் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். கினிகத்தேனையை நோக்கி வளைவுகளில் ஏறியபோது காது அடைத்தது. யாரோ யன்னலை மூடினார். இறப்பர் மரங்கள் மறைந்து தேயிலை வந்தது. வட்டவளையில் மழை. ஒரு தேயிலைத் தொழிற்சாலையைக் கடந்தபோது தம்பி கண்விழித்து, "அக்கா, நம்ம ஊர் வாசம்" என்றான்.

ஹட்டனில் இறங்கினோம். எதிரே கொழும்பு பஸ்ஸுக்கு நீண்ட வரிசை நின்றது. வார விடுமுறைக்கு வந்து போகும் அண்ணன்மாரும் அக்காமாரும் நின்றார்கள். சிலர் கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தது. நாங்கள் வீட்டுக்குப் போகிறோம். அவர்கள் வீட்டை விட்டுப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நோர்வூட் பஸ்ஸில் ஏறி இறங்கி, தேயிலை மலையூடே நடந்து லயத்தை அடைந்தோம். அம்மா கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கச் சென்றிருந்தார். அப்பாயி வாசலில் உட்கார்ந்திருந்தார். சுவெட்டரைக் கொடுத்தேன். அதைப் பார்க்காமலே, "ஒங்கப்பன் நேரத்துக்குச் சாப்பிடுறானா?" என்று கேட்டார்.

அப்பாவுக்கு அழைப்பெடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். "வீட்டுக்குப் போயிட்டீங்களா?" என்றார். பத்து நாட்கள் அவரோடு இருந்த அறையை அவர் ஒருமுறையும் வீடு என்று சொன்னதில்லை என்பது அப்போது எனக்கு நினைவு வந்தது. தீபாவளிக்கு அவர் இதே பாதையில் வருவார். அதுவே அவர் வீடு திரும்பும் பயணம்.

4. கட்டுரையை ஆராய்வோம்

• "நான் மிகவும் கவலையடைந்தேன்" என்ற வாக்கியம் எங்கும் இல்லை. பையை இருமுறை அடுக்கியதும் வாசல்வரை நடந்து வந்ததும் அக்கவலையைக் கூறிவிடுகின்றன.
• ஊர்ப் பெயர்கள் வரிசை பிறழவில்லை. இறப்பர் தேயிலையாக மாறுவதும் காது அடைப்பதும் மலையேறுவதை உணர்த்துகின்றன.
• விவரணம் எழுத்து வழக்கிலும், உரையாடல் மட்டும் மேற்கோள் குறிக்குள் பேச்சு வழக்கிலும் உள்ளன.
• முடிவுரையில் புதிய செய்தி திணிக்கப்படவில்லை. அப்பாவின் ஒரு சொல்லிலிருந்தே அது பிறக்கிறது.

5. தவிர்க்க வேண்டிய பிழைகள்

பொருட்பிழை:
• "நுவரெலியா புகையிரத நிலையத்தில் இறங்கினேன்" என எழுதாதீர். பிரதான பாதையில் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள நிலையம் நானுஓயா.
• கொழும்பிலிருந்து வரும்போது நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா என்பதே வரிசை. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம் உள்ளது. நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையமான பட்டிப்பொல, நானுஓயாவுக்கும் அப்பால் உள்ளது. ஹட்டன் செல்பவர் அதைக் காண முடியாது.
• புகையிரத நேரங்களை மனனஞ்செய்து எழுத வேண்டாம், அவை மாறுவன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மண்சரிவுகளால் இப்பாதை பல இடங்களில் சேதமுற்றதை அறிவீர்கள்.

மொழிப்பிழை:
• நானும் தம்பியும் வந்தேன் (பிழை) – வந்தோம் (சரி)
• மரங்கள் பின்னால் ஓடியது (பிழை) – ஓடின (சரி)
• வீட்டிற்க்கு (பிழை) – வீட்டிற்கு (சரி)
• பஸ்ஸில் ஏறிணோம் (பிழை) – ஏறினோம் (சரி)
• இறந்தகாலத்தில் தொடங்கி நிகழ்காலத்துக்குத் தாவுதல். தொடங்கிய காலத்திலேயே தொடர்க.

6. பயிற்சி

(1) "தாயகம் திரும்பியோர்" என்ற தொடர் எல்லோருக்கும் பொருந்துமா? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைக் கருத்திற் கொண்டு ஐந்து வாக்கியங்களில் விளக்குக.
(2) மாதிரிக் கட்டுரையின் அதே நாளை அப்பாவின் கூற்றாக எழுதுக. பஸ் நிலையத்தின் வாசலில் தொடங்குக.
(3) உங்கள் வீட்டில் யார் வெளியூரில் வேலை செய்கிறார்? அவர் வந்து திரும்பிய ஒரு நாளைப் பற்றிக் கட்டுரை எழுதுக. சொல் எண்ணிக்கையை வினாத்தாளின் அறிவுறுத்தலுக்கேற்ப அமைத்துக்கொள்க.

மூன்றாம் பயிற்சியை எழுதியபின் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். "அப்படித்தான் நடந்தது" என்று அவர் சொன்னால், நீங்கள் சரியான வழியில் எழுதியிருக்கிறீர்கள்.