கிருபை பெற்றவன் மறுபடியும் விழுந்தால்

அன்புத் தம்பிக்கு,

கிருபையினால் இரட்சிக்கப்பட்டோம் என்கிறவர்கள் அதன் பிறகும் பாவம் செய்கிறார்களே, அப்படியானால் அந்த இரட்சிப்புக்கு என்ன பொருள் என்று கேட்டிருக்கிறாய். இதைக் கேட்டதால் உன் விசுவாசம் குறைந்துபோய்விட்டது என்று நினைக்காதே. இந்தக் கேள்வியைப் பவுலே எடுத்துப் பேசியிருக்கிறார். மனிதரின் பாவம் எவ்வளவு பெருத்தாலும் தேவனுடைய கிருபை அதை மிஞ்சும் என்று ரோமர் நிருபத்தின் 5ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வரியிலேயே, அப்படியானால் கிருபை பெருகட்டும் என்று பாவத்திலேயே இருந்துவிடலாமா என்ற வாதத்தை எடுத்து மறுக்கிறார். அந்த வாதம் எழுந்ததே நமக்கு ஒரு சான்று. ஒழுங்காக நடப்பவர்களுக்குத்தான் இரட்சிப்பு என்று அவர் போதித்திருந்தால் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியிராது. அவருடைய பதிலைக் கவனி. பாவம் செய்தால் கிருபை பறிபோகும் என்று அவர் அங்கே மிரட்டவில்லை. ஞானஸ்நானத்தில் கிறிஸ்துவின் மரணத்தோடு இணைக்கப்பட்டவன் வேறொரு எஜமானுக்குச் சொந்தமாகிவிட்டான், பழைய எஜமானிடம் திரும்பிப்போய் ஏன் ஊழியம் செய்ய வேண்டும் என்கிறார். கிருபை முதலில் வருகிறது, மாற்றம் அதன் பின்னே வருகிறது. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் மற்றது பெரும்பாலும் விளங்கிவிடும்.

ஏனென்றால் நம் குழப்பம் அந்த வரிசையில்தான் இருக்கிறது. மன்னிப்பும் சுகமும் ஒரே நொடியில் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 1515, 1516ஆம் ஆண்டுகளில் விட்டன்பர்க்கில் ரோமர் நிருபத்தை விளக்கிய மார்ட்டின் லூத்தர் ஒரு நோயாளியை உதாரணம் காட்டினார். நிச்சயம் குணமாகிவிடும் என்று வைத்தியர் வாக்குக் கொடுத்துச் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். அந்த வாக்கை நம்பி, விலக்கச் சொன்னதை விலக்கிக்கொண்டு படுத்திருப்பவன் உடம்பில் இன்னும் நோயாளிதான், வைத்தியரின் வாக்கில் சுகமானவன். விசுவாசியும் அப்படியே ஒரே சமயத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்றார் லூத்தர். 1517இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பதுதான். ஒரே நாளில் முடிந்துவிடுகிற காரியமாக அவர் அதை நினைக்கவில்லை.

இது சீர்திருத்தக் காலத்தார் கண்டுபிடித்த சமாதானம் என்று நீ சொல்லலாம். இயேசு கற்பித்த ஜெபத்தையே எடுத்துப் பார். அன்றன்றைய அப்பத்தைக் கேட்டு முடித்தவுடன் மன்னிப்பைக் கேட்கச் சொல்கிறார், அதுவும் தம்மைப் பின்பற்றி வந்த சீஷர்களிடம். விசுவாசிக்குப் பாவமே இராது என்றால் அந்த விண்ணப்பத்துக்கு இடமேது? நம் ஆராதனை முறையில் ஞாயிறுதோறும் பாவ அறிக்கை இருப்பதும் இதனால்தான். யோவானின் முதல் நிருபம் 3ஆம் அதிகாரத்தில் தேவனால் பிறந்தவன் பாவம் செய்யான் என்ற கருத்து வருகிறதே என்று உன் நண்பர்கள் எதிர்க்கேள்வி போடுவார்கள். அதே நிருபத்தின் முதல் அதிகாரம், தன்னிடம் பாவமில்லை என்கிறவன் தன்னையே ஏமாற்றுகிறான் என்கிறது. இரண்டையும் எழுதியது ஒரே கை. பாவத்தில் விழுவதும் பாவத்தையே வாசஸ்தலமாக்கிக்கொள்வதும் ஒன்றாகாது என்று படித்தால்தான் இரண்டும் சேர்ந்து நிற்கும். இந்த வாழ்விலேயே பூரண அன்பை எட்ட முடியும் என்று கற்பித்து, 1766இல் அதற்கென்றே நூல் எழுதிய ஜான் வெஸ்லிகூட, அந்நிலையை எட்டியவனுக்கும் தன்னையறியாமல் செய்யும் பிழைகளுக்காகக் கிறிஸ்துவின் இரத்தம் வேண்டும் என்றார்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் விழுந்தவர்களும் உண்டு. லூத்தரின் நண்பர் யோகான் அக்ரிகோலா, விசுவாசிக்கு நியாயப்பிரமாணத்தைப் போதிக்கவே வேண்டாம் என்றபோது, 1537 முதல் லூத்தரே அவரை எதிர்த்து விவாதித்தார். நாற்பது தலைமுறை கழித்தல்ல, லூத்தர் உயிரோடிருந்த காலத்திலேயே கிருபை இப்படித் திரிந்தது. நானூறு ஆண்டுகளுக்குப் பின் ஜெர்மனியில் டீட்ரிக் போன்ஹாஃபர் 1937இல் வெளியிட்ட சீஷத்துவம் பற்றிய நூலில், பாவியை மன்னிப்பதை விட்டுப் பாவத்தையே நியாயப்படுத்துகிற கிருபையை மலிவான கிருபை என்று கண்டித்தார். கிருபை இலவசம் என்பதை அவர் மறுக்கவில்லை. மனந்திரும்ப மனமில்லாதவனுக்குச் சபை அதை விநியோகிப்பதையே எதிர்த்தார். நாஜி ஆட்சிக்குப் பணிந்துபோன சபைகளைக் கண்முன்னே பார்த்தவர் அவர். 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபணை ஒன்று உண்டு. பாவிக்கு மன்னிப்பு, சரி, அவனால் நொந்தவனுக்கு என்ன? சபைகள் இந்தக் கேள்விக்குப் பல முறை வெட்கப்படும்படி நடந்திருக்கின்றன, மன்னிப்பின் பெயரால் குற்றவாளியை மறைத்திருக்கின்றன. வேதம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நாத்தான் தாவீதுக்கு மன்னிப்பை அறிவித்த அதே மூச்சில் அவன் செய்ததன் விளைவையும் அறிவித்தான். லூக்கா 19ஆம் அதிகாரத்தில், சகேயு ஒரு வாக்கும் கொடுக்குமுன்பே அவன் வீட்டில் தங்கப்போவதாக இயேசு சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறான். கிருபை அவனுக்கு இலவசமாக வந்தது, ஏமாந்தவர்களின் பணமும் அவர்களிடம் திரும்பப் போயிற்று. ஆகவே தேவன் என்னை மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு பிறரிடம் பறித்ததைக் கையில் வைத்திருப்பவனிடம் சபை அதைக் கேட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். அவன் செய்தது சட்டப்படி குற்றமென்றால், ஜெபித்து முடித்த கையோடு அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போகவும் வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்