பாம்புக்கடி மரணம்: காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால்...

பிசான அறுவடைக் காலத்தில் தாமிரபரணிப் பாசன வயல்களில் எலி மிகும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். வரப்பிலும் வைக்கோல் படப்பிலும் கண்ணாடி விரியன் தீண்டும் அபாயம் அறுப்பு ஆட்களுக்கு உண்டு. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு ரூ.20 பிடித்தம் செய்யப்படும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா திட்டத்தில் (வயது 18 முதல் 70 வரை) இத்தகைய மரணத்திற்கு ரூ.2 லட்சம் உண்டு. ஈமச்செலவுக்கே கடன் வாங்கிய குடும்பத்திற்கு இது பெருந்தொகை. ஆயினும் மனு தள்ளப்படுவது உண்டு. தள்ளப்பட்டதுடன் விட்டுவிடுவது தவறு.

முதலில், மறுப்பையும் அதன் காரணத்தையும் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய இயலாது.

"போலீஸ் முதல் தகவல் அறிக்கை இல்லை, பிரேதப் பரிசோதனை இல்லை" என்பது காரணமாக இருந்தால் திட்ட விதியை நன்கு கவனிக்கவும். சாலை விபத்து, ரயில் விபத்து, நீரில் மூழ்குதல், குற்றச்செயல் ஆகியவற்றைப் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் ஆகியவற்றிற்கு உடனடி மருத்துவமனைப் பதிவேடு ஆதாரமாக இருக்க வேண்டும் என்றே விதி தனியே கூறுகிறது. பனையேறும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையிலோ, முதலில் கொண்டு சென்ற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சேர்க்கைச் சீட்டு, சிகிச்சைக் குறிப்பு, இறப்புக் காரணச் சான்று ஆகியவற்றின் நகல் பெறுவதே முக்கியம். நாட்டு வைத்தியரிடம் மட்டும் காட்டிவிட்டு அடக்கம் செய்த குடும்பங்களே பெரிதும் சிரமப்படுகின்றன. பிரேதப் பரிசோதனை இல்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு மறுத்ததை நுகர்வோர் ஆணையங்கள் ஏற்காத தீர்ப்புகளும் உண்டு. ஆனால், கொசுக்கடியால் வந்த மலேரியா மரணம் விபத்தாகாது என 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கடி என்றாலே விபத்து என வாதிடக் கூடாது.

"பிரீமியம் செலுத்தப்படவில்லை" என்று கூறினால் பாஸ்புத்தகத்தில் மே மாதக் கடைசி வாரப் பதிவைப் பார்க்கவும். காப்பீட்டு ஆண்டு ஜூன் 1-இல் தொடங்குகிறது. பணம் இருந்தும் வங்கி பிடிக்கவில்லையெனில் குறை வங்கியினுடையது. அதற்கு வங்கி மேலாளரிடம் மனு; தீராவிடில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர்.

இயற்கை மரணம், மாரடைப்பு ஆகியவற்றுக்கு இத்திட்டத்தில் எதுவும் கிடையாது. அவை ரூ.436 செலுத்தும் ஜீவன் ஜோதி திட்டத்தில் அடங்கும். அதிலும் புதிதாகச் சேர்ந்த முதல் 30 நாட்களில், விபத்து தவிர, பலன் இல்லை.

காரணம் தவறென்று தோன்றினால், எந்தக் காப்பீட்டு நிறுவனம் என்று வங்கிக் கிளையில் கேட்டறிந்து, அதன் குறைதீர்ப்பு அலுவலருக்கு விரைவு அஞ்சலில் மனு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தவும். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில், அல்லது பதில் திருப்தி தரவில்லையெனில், சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு (ஆம்பட்ஸ்மன்) ஓராண்டுக்குள் எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களில் நிறைவேற்ற வேண்டும்.

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை. அங்கு வழக்கு நிலுவையில் இருக்கையில் குறைதீர்ப்பாளர் அதே மனுவை ஏற்கமாட்டார். எனவே முதலில் சென்னைக்கு எழுதுவது நலம்.

நியமனதாரரும் இறந்திருந்தால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்று பெற்று இணைக்கவும். கணவனை இழந்த பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு எழுதவும் உதவுவார்கள்.