சாய்ந்த எழுத்தும் அதன் பயனும்

அச்சிட்ட பக்கத்தில் நாம் சொற்களைப் படிக்கின்றோமேயன்றி எழுத்தின் உருவத்தை நோக்குவதில்லை. ஆயினும் நேரெழுத்துகளின் நடுவே ஒரு சொல் மட்டும் வலப்புறம் சாய்ந்து நின்றால் கண் அங்கே சற்றுத் தங்குகிறது. ஆங்கில நூல்களில் ‘இட்டாலிக்’ எனப்படும் சாய்வெழுத்தின் பணி இதுவே. தாவரவியல் நூலில் நெல்லின் பெயரான ‘ஒரைசா சட்டைவா’, கணித நூலில் எக்ஸ், ஒய் என்னும் மாறிகள், இலக்கியக் கட்டுரையில் நூற்பெயர்கள் ஆகியன இவ்வெழுத்திலேயே அச்சாகின்றன.

இட்டாலிக் பிறந்த ஊர் வெனிஸ். அங்கு ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் பதிப்பாளர் 1501-இல் வர்ஜிலின் கவிதைகளைக் கையடக்க நூலாக இவ்வெழுத்தில் வெளியிட்டார். பிரான்செஸ்கோ கிரிஃபோ செதுக்கிய அவ்வெழுத்து, கற்றோரின் விரைவான கையெழுத்தைத் தழுவியது. அன்று அது முழு நூலுக்கும் உரிய தனி எழுத்து. நேரெழுத்துக்குத் துணையானது பின்னரே.

எழுத்தின் முனைகளில் காணும் சிறு கோடுகளைச் ‘செரிஃப்’ என்பர். அவை இல்லாதது ‘சான்ஸ் செரிஃப்’. கையெழுத்தின் சாயல் குறைந்த இவ்வெழுத்துக்கு இட்டாலிக் அமைப்பது எவ்வாறு? வடிவமைப்பாளர் இரு வழிகளைக் கண்டனர்.

முதல் வழி, நேரெழுத்தையே சாய்த்தல். சுவிட்சர்லாந்து நாட்டவரான ஏட்ரியன் ஃப்ருட்டிகர் வரைந்து 1957-இல் வெளிவந்த ‘யூனிவர்ஸ்’ இதற்குச் சான்று. 21 வகைகள் கொண்ட இக்குடும்பத்தில் 55 என்பது நேரெழுத்து. 56 அதன் சாய்வு. ஆனால் சாய்த்தல் என்பது வெறுமனே தள்ளிவிடுதல் அன்று. வட்டமான ‘ஓ’ எழுத்தை இயந்திரத்தால் சாய்த்தால் அதன் வலப்பக்க மேற்புறமும் இடப்பக்கக் கீழ்ப்புறமும் தடிக்கும், எதிர்ப்புறங்கள் மெலியும். அவ்வளைவுகளைக் கண்ணால் கண்டு திருத்த வேண்டும்.

இரண்டாம் வழி, எழுத்தைப் புதிதாக வரைதல். இங்கிலாந்தின் எரிக் கில் வரைந்து 1928 முதல் வெளிவந்த ‘கில் சான்ஸ்’ எழுத்தை நோக்குக. நேரெழுத்தில் இரண்டு அடுக்காக நிற்கும் சிறிய ‘ஏ’, இட்டாலிக்கில் கையால் எழுதுவதுபோல் ஓரடுக்காகிறது. 1993-இல் வெளிவந்த மார்ட்டின் மாயோரின் ‘ஸ்காலா சான்ஸ்’ எழுத்தும் இவ்வழியினதே.

எது சிறந்தது? ஃப்ருட்டிகரின் பெயர் தாங்கிய எழுத்தே இருவழியும் சென்றது. 1976-இல் வந்த அதன் சாய்வு நேரெழுத்தின் சாய்வே. 2000-இல் வந்த ‘ஃப்ருட்டிகர் நெக்ஸ்ட்’ தனி இட்டாலிக் பெற்றது. 2009-இல் வந்த ‘நோயெ ஃப்ருட்டிகர்’ மீண்டும் பழைய வழிக்கே திரும்பியது. எனவே பயனைக் கொண்டே இதனை முடிவு செய்தல் வேண்டும். பெரிய எழுத்தில் அமையும் தலைப்புக்குச் சாய்வு மட்டுமே போதும். சிறிய எழுத்தில் அமையும் நூற்பக்கத்தில், உருவமும் வேறுபட்டாலன்றிச் சொல் தனித்துத் தெரியாது.

இன்று கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தினால், இட்டாலிக் வரையப்படாத எழுத்தும் சாய்ந்துவிடுகிறது. வளைவுகள் மிக்க நம் தமிழ் எழுத்தும் அவ்வாறே சாய்க்கப்படுகிறது. ‘ஞ’, ‘ழ’ போன்றவற்றின் வளைவுகள் அதனால் சீர்கெடுவதைக் காணலாம். சாய்ப்பது பொறியின் வேலை. சாய்ந்தபின்னும் எழுத்தை எழுத்தாக நிற்கச் செய்வது மனிதரின் கலை.