சுட்டிகளைத் தாங்கும் கொள்கலமும் நினைவக விடுவிப்பும்

இரவல் பெற்ற பொருளை உரிய காலத்தில் திருப்பித் தருதல் நன்மக்கள் ஒழுக்கம். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர்க்கும் அவ்வொழுக்கம் இன்றியமையாததேயாம். நிரலானது தன் வேலைக்கு வேண்டும் இடத்தை நினைவகத்தினின்றும் கடனாகப் பெறுகின்றது. வேலை முடிந்தபின் அதனை விடுவித்தல் வேண்டும். 1979-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்திலே பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப் என்பார் தொடங்கிய முயற்சியினின்றும் வளர்ந்த சி பிளஸ் பிளஸ் மொழியில் இக்கடனைத் தீர்க்கும் பொறுப்பு எழுதுவோனையே சார்ந்தது. அம்மொழி பயிலும் மாணாக்கர் பெரிதும் வழுவும் இடம் ஒன்றனை ஈண்டு ஆராய்வாம்.

நியூ என்னும் கட்டளையால் இடம் வேண்டின், அவ்விடத்தின் முகவரி விடையாகக் கிடைக்கும். அம்முகவரியைத் தாங்குவது சுட்டி எனப்படும். டிலீட் என்னும் கட்டளை அவ்விடத்தை மீண்டும் ஒப்படைக்கும். இத்தகைய சுட்டிகள் பலவற்றை வரிசையாக வைத்தற்கு வெக்டர் என்னும் கொள்கலம் பயன்படுகின்றது. கொள்கலத்தின் வாழ்நாள் முடியுங்கால் அது தான் கொண்ட இடத்தைத் தானே விடுவித்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆயின், சுட்டிகள் காட்டும் பொருள்களும் உடன் விடுபடும் என்று கருதுதல் பிழை.

ஓர் உவமையால் இதனை விளக்குவாம். மாணாக்கர் விடுதியொன்றில் அறை பெற்றோர்க்கு அறையெண் எழுதிய சீட்டுத் தரப்படுகின்றது என்று கொள்க. சீட்டுக்கள் யாவும் ஒரு பெட்டியில் உள்ளன. பெட்டியைத் தீயிலிட்டால் அறைகள் காலியாகுமோ? ஆகா. விடுதிக் காப்பாளர் ஏட்டில் அவை நிறைந்த அறைகளாகவே நிற்கும். எண்ணை அறிந்தாரும் இலர். சுட்டியே சீட்டு, கொள்கலமே பெட்டி.

64 பிட்டுக் கணிப்பொறியில் சுட்டியொன்று 8 பைட்டு இடம் கொள்ளும். பொருளொன்றுக்கு 1,000 பைட்டாக 1,000 பொருள்களை ஆக்கி, அவற்றின் சுட்டிகளை ஒரு வெக்டரில் இட்டோமாயின், வெக்டர் மறையுங்கால் அச்சுட்டிகள் இருந்த 8,000 பைட்டு மீளும். பொருள்களுக்குரிய 10,00,000 பைட்டு மீளாது. இதுவே நினைவகக் கசிவு.

இது மொழியை வகுத்தோர் செய்த குறை அன்று. சீட்டைக் கண்ட மாத்திரத்தில் அறைக்கு உரியவன் யாவன் என்று அறிய இயலாது. ஒரே பொருளை இரு கொள்கலங்கள் சுட்டலாம். நியூவால் பெறாத பொருளையும் சுட்டி காட்டலாம். உரிமை அறியாத கொள்கலம் பிறர் பொருளை அழித்தல் தகாதன்றோ?

ஆகவே பழைய முறைப்படி, கொள்கலத்தின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக அணுகி டிலீட் செய்து, அதன் பின்னரே கிளியர் என்னும் செயலால் கொள்கலத்தை வெறுமையாக்கல் வேண்டும். முறை மாறின் முகவரிகள் அழிந்துபோம். இம்முறையிலும் இடர்கள் உள. ஒரே முகவரி இருமுறை இருப்பின் இருமுறை டிலீட் நிகழும். காலி செய்த அறையில் வேறொருவன் குடிபுகுந்தபின் அவனையும் வெளியேற்றுதல் போன்றது அது. விடுவித்த பொருளை வேறொரு சுட்டி இன்னும் காட்டி நிற்பின், அதன்வழிச் செல்லுதல் அயலான் அறையுள் புகுதலை ஒக்கும். எதிர்பாராப் பிழை நேர்ந்து நிரல் இடையிலே வழி பிரியுமாயின், விடுவிக்கும் பகுதியை அது எட்டாமலே போம்.

நிற்க, இவற்றைத் தவிர்க்கும் நெறி யாது? பொருள்களையே நேராகக் கொள்கலத்தில் வைத்தல் முதற்கண் கருதத்தக்கது. அப்பொழுது கொள்கலம் தன்னுடன் அவற்றையும் முறையே விடுவிக்கும். பலவகைப் பொருள்களை ஓர் அடிப்படை இனக்குழுவின் வாயிலாக ஆளவேண்டிய இடத்துச் சுட்டி தேவைப்படும். அங்கு, 2011-ஆம் ஆண்டின் தரநூல் தந்த யூனிக் பாயிண்டரைக் கொள்க. ஒரு பொருளுக்கு உரியவன் ஒருவனே என்பது அதன் கொள்கை. அது மறையுங்கால் பொருளையும் விடுவிக்கும். பிழையால் வழி பிரியினும் அப்பணி தவறாது. அவ்வடிப்படை இனக்குழுவின் அழிப்பி வெர்ச்சுவல் என்று அறிவிக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதை மறவற்க. 1998-ஆம் ஆண்டின் தரநூலில் இருந்த ஆட்டோ பாயிண்டரோ, நகலெடுத்த அளவிலே உரிமையை மாற்றிவிடும் இயல்பினதாகலின் கொள்கலங்களுக்கு ஒவ்வாததாயிற்று. 2017-ஆம் ஆண்டின் தரநூலில் அது நீக்கப்பட்டது.

உரிமை பலர்க்குப் பொதுவாயின் ஷேர்டு பாயிண்டர் உதவும். உரியோர் தொகையை அது எண்ணிவந்து, கடைசி உரியோன் நீங்குங்கால் பொருளை விடுவிக்கும். ஆயின் இரு பொருள்கள் ஒன்றையொன்று இவ்வாறு பற்றிக்கொள்ளின், எண்ணிக்கை ஒருபோதும் சுழியாகாது, இரண்டும் விடுபடா. ஒரு பக்கத்தில் உரிமை கோராத வீக் பாயிண்டரை இடுதலே அதற்குப் பரிகாரம்.

சிறு நிரல் எழுதிப் பழகும் மாணாக்கர்க்கு இப்பிழை கண்ணுக்குப் புலனாவதில்லை. நிரல் முடிந்தவுடன் இயக்க முறைமையானது அதற்கு அளித்த நினைவகம் முழுவதையும் மீட்டுக்கொள்கின்றது. விடை சரியாக வருகின்றது, மதிப்பெண்ணும் கிடைக்கின்றது. ஆயின் இரவும் பகலும் ஓயாது இயங்கும் சேவையகத்தில் அதே பிழை துளித்துளியாகப் பெருகி, நினைவகம் வற்றி, ஒருநாள் பலர்க்கும் பயன்படும் பணி நின்றுபோம். காணப்படாத இடத்திற் பழகிய பழக்கமே காணப்படும் இடத்தில் வெளிப்படும்.

ஆதலின், நியூ என்று எழுதுமுன் ஒரு வினாவை உள்ளத்து எழுப்புக: இப்பொருளுக்கு உரியவன் யாவன்? விடை தெளிவாயின் விடுவிப்பும் எளிதாம்.