மண்டப இரைச்சலில் காது மெஷின்

கேள்வி: அப்பாவுக்கு ‘டைரக்‌ஷனல் மைக்’ உள்ள காது மெஷின் வாங்கினோம். வீட்டில் நன்றாகக் கேட்கிறது என்கிறார். கல்யாண மண்டபத்துக்குப் போனால் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். மெஷினில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் கோளாறு இருக்காது. அந்த மெஷினில் முன்னும் பின்னுமாக இரண்டு மைக்குகள், சுமார் 1 செ.மீ. இடைவெளியில் இருக்கும். பின்னாலிருந்து வரும் சத்தம் பின் மைக்கைத்தான் முதலில் தொடும். அந்த நுண்ணிய நேர வித்தியாசத்தை வைத்து மெஷின் அதை அடக்குகிறது. சோதனை அறையில் இது அழகாக நடக்கும். மண்டபத்திலோ சத்தம் சுவரிலும் கூரையிலும் பட்டு எல்லாத் திசையிலிருந்தும் வரும், எதை அடக்குவது? பேசுகிறவர் மிக அருகில், எதிரே இருந்தால்தான் பலன். மெல்லிசைக் கச்சேரி அலறும் இடத்தில் நல்ல காது உள்ளவர்களே சைகையில்தானே பேசிக்கொள்கிறார்கள்!

ஸ்பீக்கர் அப்பாவின் முதுகுப்பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேசினால் அவர் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்லுங்கள். காதுக்குள் போகும் ரப்பர் முனையில் ஓட்டைகள் இருந்தால் இரைச்சல் அதன் வழியே நேராக நுழையும். அச்செடுத்துச் செய்யும் மோல்டு அவருக்குச் சரிப்படுமா என்று ஆடியாலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். பேசுகிறவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும் தனி மைக்கும் உண்டு. ஒயர் இல்லாமல் குரலை நேராக மெஷினுக்கு அனுப்பும். கூட்டத்தில் டைரக்‌ஷனல் மைக்கைவிட அதுதான் அதிகம் கைகொடுக்கும். உங்கள் மாடலுக்குப் பொருந்துமா என்று விசாரித்து வாங்குங்கள்.