அளபுருவின் இனமும் இயங்குநிலைப் பிணைப்பும்

கற்றலின் நோக்கங்கள்
இப்பாடத்தைக் கற்றபின் மாணவர்கள்,
• நிரல்பெயர்ப்பின்போதும் இயக்க நேரத்திலும் முடிவாகும் செய்திகளை வேறுபடுத்துவர்.
• அளபுருவை அறிவிக்கும் முறை நிரலின் விடையை மாற்றுவதை விளக்குவர்.

1. முன்னுரை
மரபுரிமத்தின் வழியே ஓர் அடிப்படை இனக்குழுவிலிருந்து புதிய இனக்குழுவைத் தருவிக்க முன்னர்க் கற்றோம். இரு இனக்குழுக்களிலும் ஒரே பெயரில் செயற்கூறு இருப்பின், அழைக்கும்போது எது இயங்கும்? இதனைச் சி++ மொழியின் வழியே காண்போம்.

2. எடுத்துக்காட்டு
பேருந்துக் கட்டண நிரல் ஒன்றில் ‘சீட்டு’ என்பது அடிப்படை இனக்குழு. அதன் உறுப்புச் செயற்கூறான ‘கட்டணம்’, தொலைவை ‘இன்ட்’ இன அளபுருவாகப் பெற்று, கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எனக் கணக்கிடும். ‘மாணவர்சீட்டு’ அதிலிருந்து தருவிக்கப்பட்டது. அதிலுள்ள ‘கட்டணம்’ பாதித் தொகையைத் தரும். ‘அச்சிடு’ என்னும் தனிச் செயற்கூறு, ‘சீட்டு’ இன அளபுரு ஒன்றைப் பெற்று, 20 கி.மீ.க்கான தொகையை அச்சிடும். அதற்கு ஒரு மாணவர்சீட்டுப் பொருளை அனுப்புவோம். வர வேண்டிய விடை ரூ.10.

3. மூன்று நிலைகள்
(அ) குறிப்பு மூலம் அழைத்தல், மெய்நிகர் அல்லாத செயற்கூறு: அளபுருவின் இனம் ‘சீட்டு’ என்பதைக் கொண்டே நிரல்பெயர்ப்பி முடிவெடுக்கிறது. விடை 20. இது முன்பிணைப்பு.

(ஆ) மதிப்பு மூலம் அழைத்தல், மெய்நிகர் செயற்கூறு: பொருளின் ‘சீட்டு’ப் பகுதி மட்டுமே நகலெடுக்கப்படுகிறது, மாணவர்சீட்டுக்குரிய பகுதி வெட்டுண்டு போகிறது. விடை 20.

(இ) குறிப்பு மூலம் அழைத்தல், மெய்நிகர் செயற்கூறு: மூலப்பொருளே சென்றடைகிறது, அதன் உண்மையான இனக்குழு இயக்க நேரத்தில் அறியப்படுகிறது. விடை 10. இதுவே இயங்குநிலைப் பிணைப்பு.

முதலிரு நிலைகளிலும் பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. நிரல் இயங்கும்; ஆனால் மாணவர் முழுக்கட்டணம் செலுத்துவார்.

4. செயல்படும் விதம்
மெய்நிகர் செயற்கூறுகளைக் கொண்ட ஒவ்வோர் இனக்குழுவுக்கும், பெரும்பாலான நிரல்பெயர்ப்பிகள் அச்செயற்கூறுகளின் முகவரிகள் அடங்கிய அட்டவணை ஒன்றை உருவாக்குகின்றன. ஒவ்வொரு பொருளும் தன் இனக்குழுவின் அட்டவணையைச் சுட்டும் சுட்டு ஒன்றைத் தாங்கியிருக்கும். அழைப்பின்போது அச்சுட்டின் வழியே உரிய முகவரி எடுக்கப்படுகிறது.

5. அளபுரு பொருந்தாவிடில்
மாணவர்சீட்டில் தொலைவை ‘இன்ட்’ என்பதற்குப் பதிலாக ‘டபுள்’ என அறிவித்தால் என்ன நிகழும்? அது அடிப்படைச் செயற்கூற்றின் மாற்றுவடிவமாகக் கருதப்படாது, தனியொரு செயற்கூறாகிவிடும். மாணவர்சீட்டுப் பொருளை நேரடியாக அழைத்துச் சோதித்தால் 10 கிடைக்கும். ‘அச்சிடு’ வழியே அழைத்தால் 20 கிடைக்கும். எனவே நேரடிச் சோதனையில் இப்பிழை புலப்படாது. தருவிக்கப்பட்ட இனக்குழுவின் செயற்கூறு அறிவிப்பில் ‘ஓவர்ரைடு’ என்னும் சொல்லைச் சேர்த்தால், இப்பொருத்தமின்மையை நிரல்பெயர்ப்பியே பிழையெனச் சுட்டும். இவ்வசதி 2011ஆம் ஆண்டின் சி++ தரநிலையில் சேர்க்கப்பட்டது.

உங்களுக்குத் தெரியுமா?
நார்வே நாட்டின் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா 67 மொழியிலேயே இனக்குழுவும் மெய்நிகர் செயல்முறையும் இடம்பெற்றன. பியர்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப் அக்கருத்துகளைச் சி++ மொழிக்குக் கொணர்ந்தார். டால், நிகார்ட் இருவருக்கும் 2001ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது.

நினைவில் கொள்க
• எதை அழைக்கலாம் என்பதை அளபுருவின் இனம் முடிவு செய்கிறது.
• மெய்நிகர் செயற்கூறாயின், எது இயங்கும் என்பதைப் பொருளின் இனக்குழு முடிவு செய்கிறது.

மதிப்பீடு
1. முன்பிணைப்பு, இயங்குநிலைப் பிணைப்பு – வேறுபடுத்துக.
2. மதிப்பு மூலம் அழைக்கும்போது மெய்நிகர் செயற்கூறு பயன்தராதது ஏன்?
3. ‘முதியோர்சீட்டு’ என்னும் புதிய இனக்குழுவைச் சேர்த்தால் ‘அச்சிடு’ செயற்கூற்றை மாற்ற வேண்டுமா? காரணம் கூறுக.